ஆறடி ஓரங்குலத்துக்குக் கட்டிய வீடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அயனம்பாக்கத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம். அம்மா நேராகச் சமையலறைக்குள் நுழைந்தாள். எந்த வீடானாலும் முதல் பரீட்சை அங்கேதான்.

பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். அடுப்பு வைக்கும் மேடை அம்மாவின் நெஞ்சு வரை இருந்தது.

"இன்னாடி இது... இதுமேல சட்டிய வெச்சா, உள்ள இன்னா வேவுதுன்னு எப்டித் தெரியும்?"

நியாயமான கேள்விதானே?

பிறகுதான் கவனித்தேன். அந்த வீட்டில் எல்லாமே ஒரு படி மேலே இருந்தது. வாஷ்பேசின் கண்ணாடியில் எனக்கு என் நெற்றி மட்டும் தெரிந்தது. சட்டை மாட்டும் கொக்கிக்கு எம்ப வேண்டியிருந்தது. கூட்டிப்போன புரோக்கர் நாகு அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஓனரம்மா பாஸ்கெட்பால் ஆடுனவங்கம்மா. அவங்க ஒசரத்துக்குக் கட்டிக்கினாங்க. நீ யோசிக்காத. கிரானைட்ட கழட்டி ரெண்டு வரிசை செங்கல்ல எட்த்தா மேடை எறங்கிடும். நான் பேசறேன்."

"அத மட்டும் பேசாதீங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஓனர் தமயந்தி. ஆறடி ஓரங்குலம். ஐம்பதைத் தாண்டியும் முதுகு நிமிர்ந்தே இருந்தது. "இதுக்கு முன்னாடி வந்தவங்களும் இதேதான் கேட்டாங்க. இடிக்கிறதா இருந்தா நான் வாடகைக்கே விடல."

எங்களுக்கோ வேறு வழியில்லை. கள்ளிக்குப்பத்தில் நாங்கள் இருந்த போர்ஷனை, மகனுக்குக் கல்யாணம் என்று வீட்டுக்காரர் திரும்பக் கேட்டிருந்தார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். தமயந்திக்கும் அவசரம்தான். திருச்சிக்கு மாற்றலாகிப் போகிறார். வீட்டைப் பூட்டிப் போட மனசில்லை.

டீ போட்டுக் கொடுத்தார். அவர் வீட்டு நாற்காலியில் அம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. ஆட்டிக்கொண்டே குடித்தாள்.

தமயந்தி வளர்ந்தது ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். அப்பா அங்கே ஊழியர். எட்டாம் வகுப்பிலேயே அப்பாவைத் தாண்டி வளர்ந்துவிட்டாராம். குவார்ட்டர்ஸ் நிலைப்படிகளில் நெற்றி இடிக்காத நாள் கிடையாது. அந்த உயரத்தைப் பார்த்துத்தான் பள்ளியில் கையில் பந்தைக் கொடுத்தார்கள். அந்தப் பந்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு மத்திய அரசு அலுவலக வேலையை வாங்கித் தந்தது.

அந்த வேலை எப்படித் தெரியுமா? காலையில் ஆபீசில் கையெழுத்து. மதியத்துக்கு மேல் பிராக்டிஸ். டோர்னமென்ட் வந்தால் ரயில்... ஸ்லீப்பர் பெர்த்தில் கால் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் இடித்துவிட்டு இவரையே முறைப்பார்கள்.

பிரமோஷனும் வந்திருக்கிறது. ஆனால் பிரமோஷன் என்றால் மாற்றல். மாற்றல் ஊரில் டீம் கிடையாது. ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். முட்டி ஒத்துழைக்காமல் ஆட்டத்தை நிறுத்திவிட்டு சீட்டில் வந்து உட்கார்ந்தபோது, கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் அதிகாரிகள். ஃபைல் போடக் கற்றுக்கொடுத்தவள் இவருக்குப் பல வருஷம் கழித்து வேலைக்குச் சேர்ந்த பெண். இத்தனை காலம் தள்ளிப்போட்ட பிரமோஷனை இப்போதுதான் வாங்கிக்கொண்டிருக்கிறார். அதுதான் திருச்சி.

பத்திரிகைக்குப் பத்தி எழுதுகிறவளுக்குக் கை சும்மா இருக்குமா? 'மறக்கப்பட்ட வீராங்கனை' என்று மனதுக்குள் தலைப்பே போட்டுவிட்டேன். வருத்தமா இல்லையா மேடம் என்று குரலை இறக்கிக் கேட்டேன்.

"எதுக்கு வருத்தம்? சம்பளம் வாங்கிட்டு விளையாடினேன். எத்தனை பேருக்கு அது கிடைக்குது? எல்லாரும் இந்தியாவுக்கு ஆடினீங்களான்னு கேப்பாங்க. ஆபீசுக்கு ஆடினேன்னு சொன்னா அவங்க மூஞ்சி சுருங்கிடும். நான் ஆபீசுக்குத்தான் ஆடினேன். நல்லா ஆடினேன்."

தலைப்பு அப்படியே விழுந்தது. ஜெயித்த கோப்பைகள் எங்கே என்று தேடினால், எல்லாம் லாஃப்ட்டில். இருப்பதிலேயே பெரியது பால்கனியில்... துணி கிளிப் போட.

சரி, இவ்வளவு அலட்டிக்கொள்ளாத மனுஷி, ஒரு சமையல் மேடைக்கு ஏன் இந்தப் பிடிவாதம்?

அதையும் சொன்னார். குவார்ட்டர்ஸ், ஹாஸ்டல், வாடகை வீடுகள்... நின்ற சமையலறையில் எல்லாம் குனிந்தே நின்றவர். ஆட்டம் முட்டியைத்தான் எடுத்தது. முதுகை எடுத்தது சமையல் மேடைகள். இந்த வீட்டைக் கட்டும்போதும் மேஸ்திரி, லேடீஸுக்கு இதுதான் அளவு என்று வழக்கமான உயரத்தில் கோடு போட்டிருக்கிறார். இவர் பூசாத சுவருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, காற்றில் சப்பாத்தி தேய்த்துக் காட்டியிருக்கிறார். மேஸ்திரி சிரித்துக்கொண்டே கைக்குக் கீழே புதுக் கோடு போட்டாராம்.

"குனியாம சப்பாத்தி தேய்ச்சது இந்த வீட்லதான். ரிட்டயர் ஆகி இங்கேதான் வரப்போறேன். மறுபடியும் என்னால குனிய முடியாது."

எனக்கு இது புரியாமல் இல்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். போன இடத்தில் எல்லாம் யாரோ ஒருவர் ஏற்கெனவே கோடு போட்டு வைத்திருப்பார். அதற்கு எம்பி எம்பித்தான் வந்திருக்கிறேன். இன்று கல்லூரிப் பட்டமும் இந்தப் பத்தியும் என் பெயரில் இருக்கின்றன. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அடுப்பை எரிப்பது அம்மா. தினமும் எம்பு என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நாகு அண்ணன், பாடிப் பக்கம் இன்னொரு வீடு கீது என்று கண்ணைக் காட்டினார். நானும் எழுந்துவிட்டேன்.

அம்மா நாற்காலியிலிருந்து இறங்கினாள். மறுபடி சமையலறைக்குப் போய், மேடையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஒசரம் பத்தாதது எனுக்குத்தானே... அதுக்கு ஊட்ட ஏன் ஒடைக்கணும்?" என்றாள் நாகு அண்ணனைப் பார்த்து. பிறகு என்னிடம், "உங்கப்பன்கிட்ட சொல்லு. கம்பெனில பேக்கிங் கட்டை சும்மாதானே கெடக்குது."

அப்பா பாடியில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். மெஷின்கள் வந்து இறங்கும் மரப்பெட்டிகளின் கட்டைகளை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்தார். மேடையின் நீளத்துக்கே ஒரு பலகை மேடை அடித்துவிட்டார். காலுக்குக் கீழே ஒரு ஜாண் உயரம், ஆட்டமில்லை.

பால் காய்ச்சிய அன்று தமயந்தி அக்கா வந்தார் — இப்போது மேடம் இல்லை, அக்கா. சாவி கொடுத்துவிட்டு, பலகை உறுதியாக இருக்கிறதா என்று ஏறி நின்றார். டங்கென்று ஒரு சத்தம். அந்த வீட்டில் முதல்முறையாக, மேடைக்கு மேலிருந்த லாஃப்ட்டில் தலையை இடித்துக்கொண்டார்.

"குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்துடுச்சு" என்று சிரித்தபடி இறங்கினார். அம்மா சட்டென்று பலகைமேல் ஏறி, அவர் உச்சந்தலையைத் தேய்த்துவிட்டாள். கை எட்டியது.

அக்கா திருச்சி போய்விட்டார். மேடை அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டில்தான் ஒரு சின்ன மாற்றம்... பலகைமேல் நின்றால் அம்மா என்னைவிட உயரம். இப்போதெல்லாம் திட்டு மேலிடத்திலிருந்து வருகிறது.