பார்த்துவைத்த பாஸ்வேர்டு

பிள்ளைகளே, காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் பில் போடுகிறவன் நான். என் மனைவிக்கு அறுவை சிகிச்சை முடிந்திருந்த நேரம். மண்டிக் கம்ப்யூட்டரை, வெளியிலிருந்தே பாதுகாப்பாக இணைய வழிவிடும் வி.பி.என். சர்வராக்கினால் ஸ்ரீரங்கம் வீட்டிலிருந்தே வேலை பார்த்து அவளைக் கவனிக்கலாம். முதலாளி சம்மதித்துவிட்டு வெளியூர் போயிருந்தார். அதை அமைக்க அட்மின் பாஸ்வேர்டு வேண்டும்; அதை அவர் யாருக்கும் சொல்லமாட்டார். அவர் அடித்தபோது நான் பார்த்துவைத்திருந்தேன்.

“அதையே போட்டுடட்டுமா?” என்று, அமைத்துத் தர மண்டிக்கு வந்திருந்த மகளிடம் கேட்டேன்.

“கூடாதுப்பா. அட்மின் பாஸ்வேர்டு இல்லாமலே ஓடுற சர்வர் இருக்கு, சோதிச்சுப் பார்ப்போம்” என்றாள்.

அவள் அதை ஓடவிட்டாள். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். காலையில் காவிரிக்கு அக்கரையில் மண்டியில் போட்ட பில் என் முன்னால் வந்து நின்றது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

முதலாளி வந்ததும் உண்மையைச் சொல்லி, பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன்.

“நீங்க பார்த்தது அன்னைக்கே தெரியும்ங்க. நீங்கதானேன்னு விட்டுட்டேன்” என்றார்.

பில் ஆறு தாண்டி வந்த வியப்பு பழகிவிட்டது. ‘நீங்கதானே’ என்ற அந்தச் சொல் இன்னும் பழகவில்லை.