மாட்டேன் என்று மெதுவாகச் சொன்ன வெர்னன்

போன வியாழக்கிழமை காலை ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். கைப்பேசியில் எலேனின் பெயரைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தேன். “வெர்னன் இன்னிக்குக் காலைல போயிட்டார். இதை நீ எங்கயோ படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டாம், என் வாயால கேக்கட்டும்னு கூப்பிட்டேன்” என்றார். அழவில்லை. நான்தான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

வெர்னனுக்கு எழுபத்தாறு வயது. அவரும் அவர் மனைவி எலேனும் என்னிடம் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் என் மனதில் தங்கியிருப்பது தமிழில். அப்படியே எழுதுகிறேன்.

தாராபுரத்திலிருந்து கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் வந்த புதிதில், மலைக்கு அப்பால் லிவர்மோரில் ஒரு சிறிய கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. தக்காளி தரம் பிரிக்கும் இயந்திரங்களுக்குக் கேமரா செய்யும் கம்பெனி. வெர்னன் அங்கே மூத்த பொறியாளர். அவரும் ஃப்ரீமான்ட்வாசி. அதிவேகச் சாலையான ஃப்ரீவேயில் கார் ஓட்ட எனக்குப் பயம் என்று தெரிந்ததும், “நான் எப்படியும் அந்த மலையைத் தாண்டித்தானே போகிறேன்? நீ ஓட்டக் கற்கும்வரை என்னோடு வா” என்று தினமும் தன் காரில் அழைத்துச் சென்றார்.

அவர் மெனோனைட் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர் என்று நான் வீட்டில் சொன்னபோது என் கணவர் சிவா சிரித்தார். “குதிரை வண்டில போவாங்களே, அவங்களா? இவர் டொயோட்டா ஓட்டறாரு!”

மறுநாள் அதை அவரிடமே சொல்லிவிட்டேன். அவரும் சிரித்தார். குதிரை வண்டிக்காரர்கள் பல தலைமுறைக்கு முன் பிரிந்துபோன சொந்தம் என்றார். பங்காளிகள் என்று நான் புரிந்துகொண்டேன்.

அவர் பிறந்தது கான்சஸில், கோதுமை விளைவிக்கும் குடும்பத்தில். வியட்நாம் போருக்கு அழைப்பு வந்தபோது, என் நம்பிக்கைப்படி துப்பாக்கி எடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்கு ஈடாக இரண்டு ஆண்டுகள் பொதுப்பணி செய்யச் சொல்லி, இங்கே ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நோயாளிகளைக் குளிப்பாட்டுவதும் மலத்தட்டு கழுவுவதும்தான் வேலை. அதுவரை அவர் மூன்று மாடிக் கட்டடத்தைக்கூடப் பார்த்ததில்லையாம். அவரைப் போலவே வந்த பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வீட்டு ஹாலில் கூடியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டு முடிந்தும் பலர் ஊர் திரும்பவில்லை. அந்த ஹால் கூட்டம்தான் அவர்களுடைய சபையானது. “வயலை விட்டு வந்தால் எங்கள் வழக்கமெல்லாம் போய்விடும் என்று ஊரில் பயந்தார்கள். நகரத்துக்கு வந்த பிறகுதான் எது வழக்கம், எது நம்பிக்கை என்று எங்களுக்கே புரிந்தது” என்பார்.

நான் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, தக்காளி கேமராவுக்கு ஆர்டர் குறைந்தது. ராணுவத்தின் ஆளில்லா விமானங்களுக்குக் குறி பார்க்கும் கேமரா செய்ய ஒப்பந்தம் வந்தது. எல்லோரும் அதற்கு மாறவேண்டும் என்றார் மேலாளர். கூட்டத்தில் வெர்னன் ஒருவர்தான் கை தூக்கினார்.

“என்னால் இது முடியாது. மன்னிக்கவும்.”

குரலை உயர்த்தவில்லை. அடுத்த வெள்ளியன்று விலகல் கடிதம் கொடுத்தார். ஓய்வுக்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. எலேனுக்கோ கடுமையான சர்க்கரை நோய். மருந்து முழுக்கக் கம்பெனி இன்சூரன்ஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பிற்பாடு எலேன் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். “ஒரு வாரம் அவரோட நான் பேசல. உங்க மனசாட்சிக்கு என் உடம்பு ஏன் விலை கொடுக்கணும்னு கேட்டேன். சபையில வெச்சுப் பேசினோம். பாதிப் பேர் அவசரப்படாதேன்னாங்க. கடைசில, நீ விடறதா இருந்தா எலேனோட மருந்தை நாங்க எல்லாரும் பாத்துக்கறோம்னாங்க. அப்புறம்தான் நான் சரின்னேன்.”

அவர் விட்டுப்போன வேலை என்னிடம் வந்தது. அப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. சிவாவுக்கு வேலை போயிருந்தது. தற்காலிக வேலை ஒன்றுக்காக எங்களுடைய ஒரே காரை எடுத்துக்கொண்டு சாக்ரமென்டோவில் தங்கியிருந்தார். போனில் கேட்டேன், “நானும் வேண்டாம்னு சொல்லட்டுமா?”

“இப்ப இருக்கற நிலைமையில எப்படிம்மா? டெலிவரிக்கு இன்சூரன்ஸ் வேணாமா?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் அந்த வேலையை ஏற்றுக்கொண்டேன்.

திங்கட்கிழமை எப்படிப் போவது என்று தெரியாமல் காலையில் வாசலில் நின்றேன். வழக்கமான நேரத்துக்கு வெர்னனின் கார் வந்து நின்றது.

“நீங்கதான் வேலையை விட்டுட்டீங்களே!”

“வேலையைத்தான் விட்டேன். நீ ஃப்ரீவே ஓட்டக் கற்கும்வரை கூட்டிப்போவதாகச் சொன்னேனே, அதை விடவில்லை.”

சிவா காரோடு திரும்பி வரும்வரை ஐந்து வாரம் அப்படி வந்தார். தான் செய்ய மறுத்த வேலைக்கு என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பினார். ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டேன். “என்னை இங்க கொண்டுவந்து விடறதும் அந்த வேலைக்கு உதவறதுதானே, வெர்னன்?”

“அதை நானும் யோசித்தேன். பதில் கிடைக்கவில்லை. ஆனால் கர்ப்பிணிப் பெண்ணைத் தெருவில் நிறுத்துவது சரியில்லை என்பது மட்டும் தெரிகிறது.”

என் மனச்சங்கடத்தைச் சொன்னேன். அப்போது அவர் சொன்னது: “‘மாட்டேன்’ என்ற என் சொல்லுக்குப் பின்னால் ஒரு சபையே நிற்கிறது. உன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் நான் உன்னை எடை போட மாட்டேன்.”

மகள் பிறந்ததும் அந்தச் சபைக்காரர்கள் மூன்று வாரம் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். நாங்கள் முட்டை சாப்பிடுவோமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். உப்பு, காரம் எதுவும் இருக்காது. சிவா ஊறுகாய் பாட்டிலைத் தேடுவார். ஆனால் ஒருநாளும் மீந்ததில்லை.

வெர்னன் பிறகு ஒரு முதியோர் குடியிருப்பில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தார். குழாய் அடைப்பு எடுத்தார், பல்பு மாற்றினார். குறைந்த வேலை என்று அவர் முகத்தில் ஒருநாளும் நான் கண்டதில்லை. நான் இன்னும் நான்கு ஆண்டுகள் அந்தக் கேமராவோடு இருந்துவிட்டு வேறு கம்பெனிக்கு மாறினேன். அவரால்தானா என்று கேட்டால், பாதிதான். தூரமும் ஒரு காரணம். அதை அவரிடமே சொன்னேன். “பாதி என்பதும் நிறையத்தான்” என்றார்.

சனிக்கிழமை அடக்கம். அவர்கள் வழக்கத்தில் குழியை மூட ஆள் வைப்பதில்லை. உறவும் நட்புமே மண் போட வேண்டும். எங்கள் பக்கம் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. என் அப்பாவின் பாடை தெருமுனை திரும்பியதுமே என்னை உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள். அதனால் கூட்டத்தின் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

எலேன் தன் முறை முடிந்து, என்னைத் தேடி வந்து மண்வெட்டியை நீட்டினார். “கனமா இருக்கும். மெதுவாப் போடு.”

மழைக்குப் பிந்தைய களிமண். இரும்பில் ஒட்டிக்கொண்டது. முதல் முறை பாதி என் செருப்பிலேயே விழுந்தது. சிவா பக்கத்தில் வந்து கை நீட்டினார். “கொடு, நான் போடறேன்.”

“இருங்க, நானே போடறேன்” என்றேன்.

இன்னொரு முறை குனிந்து அள்ளினேன். இந்த முறை சிந்தாமல் போட்டேன். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், வெர்னன்.