கொக்கின் கழுத்து

நவம்பரின் முதல் திங்கட்கிழமை, தூறலுக்கு நடுவே, லியன்ஃபாங் தன் தேநீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு நான்ஜிங்கை விட்டுப் போனாள். என் அத்தை வெய் ஷூயின் கீழே உட்கார்ந்து பட்டு நெய்ய, தறியின் மேலே உட்கார்ந்து பல வருடங்களாக, பட்டில் உருவம் விழுவதற்கான கயிறுகளை இழுத்தவள் அவள். மகளுக்குப் பிரசவம், சூஜோவுக்குப் போகிறேன் என்றாள். அந்தப் பெண்ணுக்கு மாமியார் இல்லையா என்று அத்தை பின்னால் முணுமுணுத்தாள். வழியனுப்ப எழவில்லை.

ஊர் ஊராகத் திரிந்துவிட்டு அந்த வாரம்தான் நான் திரும்பியிருந்தேன். காலியான மேல் இருக்கையில் என்னை ஏற்றினார்கள்.

அத்தை யாரையும் எளிதில் நம்பமாட்டாள். வாத்துக் கடையில் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்ப்பாள். தங்க இழை உருளையைச் சாப்பாட்டுக்குப் போகும்போதும் பையில் போட்டுக்கொள்வாள். தறியில் பட்டின் முகம் தரையைப் பார்த்திருக்கும். அடியில் கண்ணாடி பிடித்துத்தான் பார்க்க முடியும். நான் கயிறு இழுத்த முதல் நாளே பிடித்தாள். பட்டில் நெய்துகொண்டிருந்த கொக்கின் கழுத்து ஒடிந்திருந்தது.

"கை இங்க, கண்ணு எந்த ஊர்ல இருக்கு, ஊர்சுத்தி?"

"வரிசை மாறாமத்தான் இழுத்தேன், அத்தை."

பிரித்து மறுபடி நெய்தோம். அதே இடத்தில் அதே ஒடிசல். அத்தையின் சந்தேகம் என்னை விட்டு லியன்ஃபாங்மேல் தாவியது. வேறு பட்டறைக்கு விலைபோய்விட்டாள், தறியை ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சட்டம் சட்டமாகத் தடவித் தேடினாள். எந்தக் கயிற்றுக்குப் பின் எந்தக் கயிறு என்று முடிச்சு முடிச்சாகக் கட்டிய மாதிரியை மட்டும் யாரையும் தொடவிடவில்லை.

"அது நான் கட்டினது. அதுல என்ன பிழை இருக்கப்போவுது?"

புத்தாண்டு வசந்த விழாவுக்குள் பட்டு முடிந்து போகாவிட்டால் தறி வேறு ஆளுக்கு என்று பட்டறை மேலாளர் சொல்லியிருந்தார். அத்தைக்குத் தெரியாமல் லியன்ஃபாங்குக்கு அலைபேசியில் எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. தன்னைப் பற்றி அத்தை பேசியதெல்லாம் அவள் காதுக்கும் போயிருக்கும்.

விழா வந்தது, பட்டு போகவில்லை. அத்தையை நூல் சுற்றும் அறைக்கு மாற்றினார்கள். அங்கேயும் பக்கத்து நாற்காலிக்காரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிளம் பூவெல்லாம் உதிர்ந்த பிறகு லியன்ஃபாங்கின் குரல் பதிவு வந்தது. அத்தையின் காதருகே பிடித்தேன்.

"ஷூயின் அக்கா, மாதிரியில கொக்கு கழுத்துகிட்ட ஒரு கயிறு விட்டுப்போயிருக்கு. நீ கட்டும்போதே விட்டது. சொன்னா உன் முகம் வாடுமேன்னு அந்த இடம் வரும்போதெல்லாம் நானே கையால சேர்த்து இழுத்தேன். போற அன்னைக்குச் சொல்லலாம்னு நின்னேன். நீ திரும்பியே பாக்கல."