அடிக்காத மணி

மேடைப் பேச்சில் மணிக்குத் தனி அதிகாரம் உண்டு. நான்காம் நிமிடத்தில் ஒருமுறை ஒலித்தால் எச்சரிக்கை. ஐந்தாம் நிமிடத்தில் இருமுறை ஒலித்தால் முடித்தாக வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து வீட்டுப் பயிற்சியில் எனக்கு அந்த மணியை அடித்தவர் அப்பா. ஆவடி குவார்ட்டர்ஸில், தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல், மேசை மணியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அமர்வார். ஒரு நொடியும் சலுகை தரமாட்டார். அந்தக் கண்டிப்பில்தான் அலமாரி கொள்ளாத அளவுக்குக் கோப்பைகள் வென்றேன்.

பிறகு அவருடைய நுரையீரல் இறுகத் தொடங்கியது. கட்டிலருகே ஆக்சிஜன் இயந்திரம் வந்து இரைந்தது. உரக்கக் கூப்பிட அவருக்கு மூச்சில்லை. ஆகவே அந்த மணியையே கையில் கொடுத்தோம். ஒருமுறை அடித்தால் தண்ணீர். இருமுறை அடித்தால் மூச்சு முட்டுகிறது, ஓடி வா. பகலில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். மண்ணூர்பேட்டைத் தையல் நிறுவனத்திலிருந்து அம்மா திரும்பும்வரை, மாலைகள் என் பொறுப்பு.

பதினொன்றாம் வகுப்பின் நடுவில் அந்த மணி அப்பாவின் கையைவிட்டு வெளியே வந்தது.

முதலில் குளியலறையில், தண்ணீர் விழும் ஓசைக்குள் கேட்டது. ஈரத்தோடு ஓடினேன். அப்பா உறங்கிக்கொண்டிருந்தார், மணி அவர் கைக்கெட்டாத சன்னலோரத்தில் இருந்தது. பின்னர் வேதியியல் தேர்வில் கேட்டது. மின்சார ரயிலில், சக்கரங்களின் இரைச்சலுக்கு அடியில், தெளிவாக இரண்டு முறை கேட்டது. பெட்டியில் வேறு யாரும் தலை நிமிரவில்லை.

எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னை நம்பி அப்பாவை விடமாட்டார்கள், அம்மா வேலையை விட நேரும் என்று அஞ்சினேன். எனக்குப் பித்துப் பிடிக்கிறதோ என்று அதைவிட அஞ்சினேன்.

பட்டாபிராமில் ஒரு பள்ளியில் பேச்சுப் போட்டி. மூன்றாம் நிமிடம், அரங்கம் என் வசம் இருந்தது. அப்போது இருமுறை ஒலித்தது.

"வரேன்ப்பா," என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டு, மேடையைவிட்டு இறங்கி நடந்தேன். அரங்கம் சிரித்தது. வாசலருகே நடுவர் என்னை நிறுத்தினார்.

"ஏம்மா எறங்கிட்ட?"

"மணி அடிச்சுதே மேடம்."

"இங்க மணியே கிடையாதும்மா. அட்டைதான் காட்டுவோம்."

அவர் கையில் மஞ்சள் அட்டை ஒன்றும் சிவப்பு அட்டை ஒன்றும் இருந்தன.

திரும்பும் ரயிலில், உடன் வந்த வகுப்புத் தோழி சீண்டினாள். "இன்னாடி, நடு மேடைல அப்பாவக் கூப்ட்டுகினு எறங்கிட்ட? ஜட்ஜே பேஜாராயிட்டாங்க."

"எனக்கு மணி கேக்குது. அடிக்காதப்பவும்."

அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். "உங்கம்மாகிட்ட நீ சொல்றியா, நான் வந்து சொல்லட்டா?" என்றாள்.

நானே சொன்னேன், அன்றே, சமையலறையில். அம்மா அடுப்பை அணைத்தார்.

"எத்தன நாளாடி?"

"ஆறு மாசமா."

"எனக்கும் தையல் மெஷின் முன்னாடி உக்காந்தா கேக்கும்," என்றார் அம்மா. "அலுப்புன்னு விட்டுட்டேன்."

அடுத்த முறை அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, மனநல மருத்துவரைப் பார்க்க எங்கள் இருவருக்கும் சீட்டு வாங்கினோம். அவர் பித்தென்று சொல்லவில்லை. ஓயாமல் காவல் இருக்கும் செவி, வராத ஒலியையும் கேட்டுவிடும் என்றார்; காவலைப் பிறரோடு பகிரச் சொன்னார். வாரத்தில் மூன்று மாலைகளைப் பக்கத்து வீட்டு அக்கா ஏற்றுக்கொண்டார்.

விவரம் அறிந்த அப்பா, மணியை என்னிடம் நீட்டினார். "இது... பேச்சுக்கு... வாங்கினது," என்றார்.

இப்போது அவர் கட்டில் கம்பியில் மோதிரத்தால் தட்டி அழைக்கிறார். அந்த ஒலி இதுவரை வாசலைத் தாண்டி என்னைத் தேடி வந்ததில்லை. மணி, கோப்பைகளுக்குப் பின்னால், துணியில் சுற்றி முடிச்சிட்டுக் கிடக்கிறது. சில மாலைகளில் அலமாரியைத் திறந்து, முடிச்சு அவிழாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.