மாமாவின் மானத்தைக் காப்பாற்றினேன்

என் மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் ஓசூர் விடுதி வார்டனிடம் சொல்ல வேண்டிய பொய்யைத் தளியில் பஸ் ஏறியதிலிருந்தே முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவர் வீட்டில்தான் வளர்ந்தேன். வைத்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகளுக்கு மட்டுமே அந்த விடுதி. சேர்ந்துவிட்டால் சோறு, படுக்கை, பக்கத்திலேயே ஹைஸ்கூல். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் ஹைஸ்கூல் வாசலை மிதித்ததில்லை. என் வகுப்பிலேயே படித்த மாமா மகனும் ஓசூர் பார்க்கிற ஆசையில் கூட வந்திருந்தான்.

வார்டன் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். நாற்காலியைக் காட்டினார். மாமா உட்காரவில்லை.

"இவன என்னால வெச்சிக்க முடியாதுங்க சார். ரெண்டு ஆளு களிய ஒருத்தனே துண்ணுட்றான். ஊட்லயும் அவ தெனம் அடிக்கறா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா தன்னையும் அத்தையையும் இப்படிக் கேவலப்படுத்திக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு எப்படி நிற்பது? முந்திக்கொண்டேன்.

"பொய் சார். அத்த என்ன அடிச்சதே இல்ல. எனக்குத்தான் மொதல்ல களி போடும். தீவாளிக்கு மச்சானுக்கு டவுசரு மட்டும்தான், எனக்கு சட்டையும் எடுத்தாங்க."

"ஆமா சார்," என்றான் மச்சான். அந்தச் சட்டை விஷயம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

மாமா கூரையைப் பார்த்தார். வார்டன் பேனாவை மூடினார்.

"நல்லாத்தானய்யா வச்சிருக்கீரு. பெறகு எதுக்கு இங்க கொண்டாந்து விடுதீரு?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார், கிளம்புகிற மாதிரி. எனக்கோ அவர் பெருமையை இன்னும் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை என்று இருந்தது.

"எங்க தோட்டத்துல பட்டன் ரோஸ் சார். விடியறதுக்குள்ள பறிச்சி, பெங்களூரு மார்க்கெட்டுக்கு பஸ்ல ஏத்திடணும். நான்தான் எல்லாரையும்விட வேகம். முகூர்த்த நாளுன்னா பள்ளிக்கூடமே போவ வேணாம்னுடுவாரு மாமா."

"அப்பம் பள்ளிக்கூடம் எப்பம்லே போவ?"

"பூ இல்லாதப்ப."

"பூ எப்பம் இருக்காது?"

யோசித்துப் பார்த்தேன். "ஆடி மாசம் வேல கம்மி சார். கல்யாணம் இருக்காது."

வார்டன் மாமாவைப் பார்த்தார். மாமா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கூலிக்கு ஆளு வெச்சா கட்டாதுங்க சார். இருக்கிற புள்ளைங்கள வெச்சித்தான் ஓடுது," என்றார். ஒத்திகை பார்க்காமல் வார்டனிடம் அவர் சொன்னது அது ஒன்றுதான்.

வார்டன் பேனாவைத் திறந்தார். மாமாவின் மானம் என்னால் பிழைத்தது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் மச்சான் கேட்டான்: "அப்பா, நானும் இங்கியே இருந்துக்கட்டா?"

"ஒனக்குத்தான் நான் இருக்கறனேடா," என்று மாமா அவன் தலையைத் தடவினார்.

விடுதி வாசலிலேயே பஸ் வந்து நின்றது. மச்சானுக்கு ஜன்னலோர சீட்டு, கையில் பன். அவன் வீட்டுக்குப் போகிறான், அத்தையிடம் போகிறான். பொறாமையில் நான் கையைக்கூட ஆட்டவில்லை. அவன்தான் பஸ் திரும்பும்வரை கழுத்தை வளைத்து என் பக்கமே பார்த்துக்கொண்டு போனான். என் புதுத் தகரப் பெட்டியைத்தான் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.