உப்பில்லாத தண்ணீரில் நீந்துதல்

தண்ணீரில் இறங்குவதற்கு முன் குளித்துவிட்டு வரவேண்டும் என்று இங்கே ஒரு சட்டம். முதல் நாள் அந்தப் பலகையைப் படித்தபோது, எழுத்துக் கூட்டுவதில் நான்தான் பிழை விட்டேன் என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இரண்டாம் முறை படித்தும் அதேதான் எழுதியிருந்தது. எங்கள் தீவில் கடலைவிட்டு ஏறிய பிறகுதான் கிணற்றடிக்குப் போய் உப்புப் போகக் குளிப்போம். இங்கே குழாயின் கீழ் நின்று குளித்து, ஈரம் சொட்டச் சொட்ட இன்னொரு தண்ணீருக்குள் இறங்குகிறார்கள். ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டீர்கள். என்னைப்போல இங்கு வந்து சேர்ந்தவர்கள் சிரிப்பீர்கள்.

குளம், குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தினுடையது. கோடை விடுமுறையில் காலை ஆறு மணிக்கு வெளியாட்களையும் விடுவார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடையில் எனக்கு வேலை. குளத்துப் பம்பைப் பழுது பார்க்கத்தான் போனேன். பம்பு ஓடத் தொடங்கிய பிறகும் அந்த நீலத்தைப் பார்த்தபடி நின்றேன். இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட நான் நீந்தவில்லை. பீர்க்கன்கரணையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏரி உண்டு. ஆனால் சித்திரையில் மாடுகள் அதற்குள் நடந்தே அக்கரை போய்விடும். அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டேன்.

குளத்துக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆழம். நடுவில் நிற்காமல் போய்த் திரும்பி இரண்டு நீளம் நீந்திக் காட்டினால்தான் அந்தப் பக்கம் விடுவார்கள். மே மாதக் கடைசிக்குள் தேறியவர்களுக்கு வருடம் முழுவதும் காலையில் வர அட்டை உண்டு. தேறாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்ததும் குளம் மூடிவிடும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கடலில் கால் மைல் நீந்தியவனுக்கு இரண்டு நீளம் ஒரு பெரிய விஷயமா? நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற நான், முதல் நாளே கையைத் தூக்கிவிட்டேன். கயிற்றை அவிழ்த்தார்கள். பாதி தூரத்தில் கால்கள் தொங்கத் தொடங்கின. எங்கள் கடல் ஆளைத் தாங்கும். உப்பு கீழே இருந்து தூக்கிக் கொடுக்கும். இந்தத் தண்ணீர் எனக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. ஒரு நீளம் முடியுமுன் மூச்சு முட்டி, பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அதன்பின், நீச்சல் பழக வந்திருந்த வங்கிக் குமாஸ்தாக்கள் சிலரோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன்.

"இன்னாண்ணா, தலைய தூக்கிகினு யாரத் தேடுறே? உன்ன வுட்டுட்டு பஸ்ஸு பூடுச்சா?" என்று கேட்டான் செல்வம். யாரும் மூழ்காமல் பார்த்துக்கொள்வதும் நீச்சல் சொல்லிக்கொடுப்பதும் அவன் வேலை. கோவளம் பக்கத்தில் மீன்பிடிக்கும் குடும்பம். இருபத்தைந்து வயதிருக்கும்.

"பழகிப் போச்சு தம்பி," என்றேன்.

"பேச்சப் பாத்தா கேரளாவா?"

இல்லை என்றால் எங்கிருந்து, எப்போது, ஏன் என்று கதை நீளும். தலையை ஆட்டிவைத்தேன். மறுநாளில் இருந்து குளம் முழுவதற்கும் நான் 'சேட்டன்'. செல்வம் தனக்குத் தெரிந்த நாலு மலையாளச் சொற்களையும் தினமும் என்மேல் செலவழித்தான்.

பாடம் மட்டும் தமிழில் நடந்தது. "பாய்ல படுக்கிற மாதிரி குப்புறப் படு சேட்டா. தரையைப் பாரு. தல எறங்குனா காலு தானா ஏறும். மூச்சு வேணும்னா தலையத் தூக்காத, திருப்பு. ஒரு கன்னம் தண்ணிலயே கெடக்கட்டும்."

வீட்டில் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் நிரப்பி, முகத்தை வைத்துத் திருப்பிப் பழகினேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "முகம் கழுவ இவ்வளவு நேரமே? அதுக்குள்ள என்ன மீனே பிடிக்கிறியள்?" என்றாள். நான் தண்ணீருக்குள்ளேயே சிரித்து, மூக்கில் ஏறி இருமினேன்.

பேசினில் சரியாக வந்தது குளத்தில் வரவில்லை. நாலு கை போட்டதும் தலை தானாக எழும்பி நின்றுவிடும். மே மாதம் ஓடிக்கொண்டிருந்தது. குமாஸ்தாக்கள் இரண்டு பேர் தேறிப்போய் ஆழத்தில் கும்மாளம் போட்டார்கள். ஒரு நாள் செல்வம் என் பின்னந்தலையில் கை வைத்துச் சலித்துக்கொண்டான். "உன் கழுத்து ஆடவே மாட்டேங்குதே சேட்டா. தலைல பானைய வச்சிகினு போற மாரியே கீது."

சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் சொன்னது சரி, பானை மட்டும்தான் பிழை.

எங்கள் துறையில் சரக்கு வள்ளம் கரையை நெருங்க ஆழம் போதாது. ஆள் நடந்துவர ஆழம் அதிகம். ஆகவே தள்ளித்தான் நங்கூரம் போடுவோம். பதினொரு வயதில் இருந்து வள்ளத்தில் வேலை செய்தேன். வேலை முடிந்ததும் சட்டை, இடுப்பில் உடுக்கும் சாரம், தீப்பெட்டி, புகையிலை எல்லாவற்றையும் மூட்டையாகத் தலையில் கட்டிக்கொண்டு கரைக்கு நீந்துவோம். வேகம் அங்கே பெரிதில்லை. நனையாத சட்டையோடு கரை ஏறுபவன்தான் நீச்சல்காரன். நனைந்து வருபவனைத் துறையே கூடி நின்று கேலி செய்யும். இருபது வருடம் என் மூட்டையில் ஒரு தீக்குச்சிகூட நனைந்ததில்லை.

இதையெல்லாம் செல்வத்திடம் சொல்லிவிட்டேன், கேரளா இல்லை என்பதையும் சேர்த்து. ஐந்து வருடத்தில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

"அட போண்ணா! ஒரு மாசமா மலையாளம் பேசி என் நாக்கே சுளுக்கிக்கிச்சு!" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கி, "எங்க குப்பத்துலயும் தலையத் தூக்கிகினுதான் போவோம், அலையப் பாக்கணும்ல. நானும் மாத்திகினு வந்தவன்தான். மூட்டை உங்க ஊர்லயே நின்னுடுச்சுண்ணா, நீதான் இன்னும் தூக்கிகினு கீறே. எறக்கி வையி. இங்க நனைஞ்சா எவனும் சிரிக்க மாட்டான்," என்றான்.

மே மாதக் கடைசி ஞாயிறு. குளத்து மேற்பார்வையாளர் தேர்வுக்கு விசில் ஊதினார். முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். அடித்தரையின் கறுப்புக் கோடு எனக்குக் கீழே ஓடத் தொடங்கியது. கால்கள் மேலே வந்தன! ஒரு மாதமாக என்னைக் கீழே இழுத்த உடம்பு இதுதானா என்று இருந்தது. அந்தப் பக்கச் சுவரைத் தொட்டுத் திரும்பினேன். பாதியில் கழுத்து பழைய இடத்துக்குப் போகப் பார்த்தது. விடவில்லை, நனையட்டும் என்றேன். கை சுவரில் மோதியபோது முடிந்துவிட்டது என்றே தெரியவில்லை. செல்வம் கரையில் குதித்துக்கொண்டிருந்தான். "ஆழம் உன்னுதுண்ணா, போ!"

கரை ஏறவே மனமில்லை. திரும்ப நீந்தினேன், இந்த முறை யாருக்கும் காட்டுவதற்காக அல்ல. மூச்சுக்காக முகத்தைத் திருப்பியபோதுதான் கவனித்தேன், ஒரு கண் தண்ணீருக்குள் இருந்தது, ஒரு கண் வெளியே. வெளியே இருந்த கண் மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானத்தைப் பார்த்தது. உள்ளே இருந்த கண்ணுக்கு அது எந்த நாட்டுத் தண்ணீர் என்று தெரியவில்லை. இரண்டையும் மூடாமல் அடுத்த கையை நீட்டினேன்.