ராணியக்கா கால் ஊன்றிய ஞாயிறு

புஸ்பராணியக்காவின் வயதை அறிய வேண்டுமென்றால் அவவிடம் கேட்கக் கூடாது. வெளிநாட்டில் நாங்கள் இருக்கிற சீசாப் பகுதியில், எங்கள் தெருமுனை பாரில் விடியவே கோப்பி குடிக்க வந்து நிற்கிற ஆட்களிடம் கேட்க வேண்டும். அக்கா முதன்முதல் சைக்கிளில் அந்த வழியால் போனபோது, "பெல்லா", அதாவது அழகி, என்று கத்தினார்கள். பிறகு கொஞ்சக் காலம் மரியாதையாக "சிஞ்ஞோரா", அதாவது அம்மணி. இப்போது "நொன்னா, ஃபோர்சா" என்கிறார்கள். நொன்னா என்றால் அம்மம்மா. ஃபோர்சா என்றால் விடாமல் மிதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பெல்லா எண்டேக்கை கோவம் வந்தது தம்பி," என்று ஒருநாள் என் கடையில் பருப்பு வாங்கும்போது சொன்னா. "இப்ப கோவப்படவும் சத்தில்லை."

என் பெயர் விக்னராஜா. மரக்கறி, மிளகாய்த்தூள், ஊர்க்கதை மூன்றும் என் கடையில் கிடைக்கும். கடைசிச் சாமானுக்குத்தான் கூட்டம் அதிகம்.

அக்காவுக்கு அறுபது முடிந்துவிட்டது. விடியப்புறம் சீசாவில் சைக்கிள் ஏறினால் ஊரின் மற்றக் கரையில், பிரான்காச்சோவில்தான் இறங்குவா. அங்கே மாடிக் கட்டடங்களின் படிகளைக் கூட்டிக் கழுவுகிற வேலை. வீட்டுக்காரர் இறங்கி வரமுன் படி காய்ந்திருக்க வேண்டும். பஸ்சை நம்பினால் படி காயாது. ஆகவே சைக்கிள். முன்கூடையில் வாளி, பக்கத்தில் கட்டிய துடைப்பத் தடி. படி முடிந்தால் ஒரேத்தோ என்ற இடத்தில் ஒரு கிழவிச் சிஞ்ஞோராவுக்குச் சமையல். பிறகு வீட்டுக்கு வந்து இன்னொரு சமையல்.

வீட்டில் இருப்பவர் கதிரேசண்ணை, அக்காவின் புருசன். ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். அந்தக் கடை பூட்டியதோடு அண்ணைக்கு முதுகு நோ வந்துவிட்டது. விசேசமான நோ அது. காட்ஸ் விளையாடுகிற மேசையில் குனிந்தால் வராது, வாளியைக் கண்டால் வரும். வன்னியில் இடம்பெயர்ந்தபோது காலில் காயம்பட்டுக் கிடந்தவரை அக்காதான் சைக்கிள் கரியரில் ஏற்றி மிதித்துக்கொண்டு போனவ. "அண்ணை இன்னும் கரியராலை இறங்கேல்லை" என்பது என் கடையின் பழைய பகிடி. அண்ணையும் சேர்ந்து சிரிப்பார். அக்கா சில்லறையை வாங்கிக்கொண்டு போய்விடுவா.

இந்த வருடம் மாசி மாதத்தில், மழை பெய்த ஒரு பின்னேரம், அக்கா என் கடையில் வைத்தே புருசனிடம் கேட்டா.

"இஞ்சேருங்கோ, பிரான்காச்சோப் படியை இனி நீங்கள் பாருங்கோவன். எனக்கு ஏலாமல் கிடக்கு."

"உமக்கென்ன ஏலாது? இருபது வயசுக்காரி மாதிரி ஓடுறீர்," என்றார் அண்ணை.

"அதுதானே, அக்கா போற போக்குக்கு இளம் பெட்டையளும் பிடிக்கேலாது," என்று நானும் ஒத்து ஊதினேன். கடையில் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

"ஓடுறது எல்லாருக்கும் தெரியுது," என்றா அக்கா. "இறங்கினாப் பிறகு முழங்கால் நிமிராமல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். அதைப் பாக்க அங்கை ஒருத்தரும் இல்லை."

"அந்த வேலையை விட்டால் வீடு எப்பிடி ஓடும்?" என்றார் அண்ணை.

"விடச் சொல்லேல்லை. நீங்கள் போங்கோ எண்டுதான் சொல்லுறன்."

அண்ணை முதுகைத் தடவினார். அடுத்த நாளும் பாரில் "நொன்னா, ஃபோர்சா" கேட்டது.

ஆனி மாதத்தில் எங்கள் ஆட்களின் விளையாட்டுப் போட்டி வந்தது. வருடா வருடம் மைக் பிடிப்பவன் நான். ஓட்டம், கயிறிழுத்தல் எல்லாம் இருந்தாலும் சனம் கதிரையை இழுத்துப்போட்டுப் பார்ப்பது பெண்களின் மெதுச் சைக்கிளைத்தான். மற்றப் போட்டிகளுக்குத் தலைகீழ் இது. கடைசியாக வருகிறவவுக்குத்தான் முதற்பரிசு. கோட்டுக்கு வெளியே போகக் கூடாது, கால் நிலத்தில் முட்டக் கூடாது. வேகமாக ஓட யாராலும் முடியும். ஆமை வேகத்தில் விழாமல் நிற்கத்தான் இடுப்பும் முழங்காலும் வேண்டும். ஐம்பத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் பிரிவில் ராணியக்காவை இதுவரை ஒருவரும் வென்றதில்லை. பரிசாக வந்த றைஸ் குக்கர்கள் அவ வீட்டில் அலுமாரிக்கு மேல் அடுக்கிக் கிடக்கின்றன.

"வயசைக் குறைச்சுச் சொல்லிக்கொண்டு திரியிற ஆக்கள் இப்பவே இளம் பிரிவுக்கு மாறலாம்," என்று மைக்கில் அறிவித்தேன். ஒருவரும் மாறவில்லை.

விசில் ஊதியது. இரண்டு பேர் தொடக்கத்திலேயே காலை ஊன்றினார்கள். இன்னொருத்தி பக்கத்துக் கோட்டுக்குள் புகுந்தா. மிஞ்சியது ராணியக்காவும் குகனேஸ்வரியும். குகனேஸ்வரி அக்காவைவிட ஐந்து வயது இளையவ, இந்தப் போட்டிக்கென்றே பூங்காவில் பழகிவிட்டு வந்தவ. அவ பல்லைக் கடித்துக்கொண்டு நெளிந்தா. அக்கா சிலை மாதிரி இருந்தா. சில்லு உருளுகிறதா இல்லையா என்று பார்க்க நடுவர் குனிந்தார்.

"பாருங்கோ சனங்களே," என்று நான் தொடங்கினேன். "வயசு ஏற ஏற—"

அக்கா காலை ஊன்றினா.

தடுமாறவில்லை. விழவுமில்லை. சைக்கிளை நேராக நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, பிறகு மற்றதையும் இறக்கி, பாதிக் கோட்டில் நின்றா. குகனேஸ்வரி திகைத்து, தானும் விழப் பார்த்து, எப்படியோ போய்ச் சேர்ந்தா.

"என்னக்கா, சில்லுக்குக் காத்துப் போயிட்டுதோ?" மைக்கை நிறுத்த மறந்து கேட்டுவிட்டேன். மைதானம் முழுக்கக் கேட்டது.

"காத்து இருக்கு தம்பி. எனக்குத்தான் போயிட்டுது."

சனம் சிரித்தது. அக்கா சிரிக்காததைக் கண்டு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கதிரேசண்ணை கதிரையை விட்டு எழும்பி வந்தார்.

"என்னப்பா செய்யிறீர்? வெண்டிருப்பீர்."

"ஓம். வெண்டால் அடுத்த வருசம் வரைக்கும் எல்லாரும் சொல்லுவியள், இருபது வயசுக்காரி எண்டு." சைக்கிளின் கைப்பிடியை அவர் பக்கம் திருப்பினா. "படிக்குப் பொறுப்பான மனிசனோடை வெள்ளிக்கிழமை கதைச்சிட்டன். படி காய்ஞ்சால் சரியாம், ஆர் கழுவினாலும். நாளைக்கு நீங்கள் போறியள்."

"என்ரை முதுகு?"

"நான் இறங்கிட்டன். இனி உங்கடை முதுகு, உங்கடை சைக்கிள்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் மைக் வயரைச் சுருட்டத் தொடங்கினேன். அக்கா தண்ணீர்ப் பந்தலுக்குப் போய்க் கதிரையில் இருந்து, முழங்காலை நீட்டி, இரண்டு கையாலும் அமத்தினா. பிறகு அண்ணை அந்தச் சைக்கிளை வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டு போனதைச் சனம் முழுக்கப் பார்த்தது. அவ்வளவு பேர் பார்த்தபின் எந்த மனிதனுக்கும் முதுகு நோ சொல்ல வாய் வராது.

திங்கட்கிழமை விடிய, கடைக் கதவைத் தூக்கும்போது பாரில் சத்தம் கேட்டது. "நொன்னோ, ஃபோர்சா." இந்த முறை அம்மம்மாவுக்கு இல்லை, தாத்தாவுக்கு. முன்கூடையில் வாளி ஆட, கதிரேசண்ணை வளைந்து வளைந்து போனார். பாதிச் சனத்துக்கு மேல் உறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அக்காவும் உறங்கிக்கொண்டிருந்திருப்பா.

வெயில் ஏறினபின் திரும்பி வந்தார். என் கடை வாசலில் இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். முழங்கால் நிமிரவில்லை.

"விக்கி, ஸ்டேசன் பக்கத்து ஏத்தத்திலை இவள் இவ்வளவு காலமும் எப்பிடி மிதிச்சவள்?"

"எனக்கென்னண்ணை தெரியும்," என்றேன். "நானும் பகிடி விட்டுக்கொண்டுதானே இருந்தனான்."

ஒரு சோடா உடைத்துக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார்.